வேரில்லாத முடியில் செய்த சோதனை

மளிகைக் கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுகளில் ஒன்றைக் கிழித்துக் கையில் எடுத்துப் பாருங்கள். முன்பக்கத்தில் இடுப்பு வரை புரளும் கூந்தலோடு ஒரு பெண். பக்கத்தில் தடித்த எழுத்தில், முடி உதிர்வு 98% வரை குறையும் என்கிற மாதிரி ஒரு வரி. அந்த வரியின் நுனியில் கடுகளவு ஒரு நட்சத்திரக் குறி. பாக்கெட்டைத் திருப்பினால் விலை, தேதி, முகவரி, கலந்திருக்கும் பொருட்களின் பட்டியல் எல்லாம் முண்டியடித்துக் கிடக்கும். அதற்குள் எங்கோ அதே நட்சத்திரம், எறும்பு ஊர்ந்த தடம்போல ஆங்கிலத்தில் ஒரு வரியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வரியைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: முடி உடைவதால் ஏற்படும் உதிர்வு மட்டும், கண்டிஷனர் கலக்காத ஷாம்புவோடு ஒப்பிட்டது, ஆய்வகச் சோதனையின்படி.

முடி கொட்டுவது வேறு, முடி உடைவது வேறு. நம் வீட்டுப் பெண்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வேரோடு கழன்று சீப்பில் சுருண்டு வருவது கொட்டுவது. பாதியில் அறுந்து துண்டாவது உடைவது. பிரசவத்துக்குப் பிறகும், டைபாய்டு வந்து எழுந்த பிறகும், தைராய்டு கோளாறாலும், இரும்புச்சத்துக் குறைவாலும் கொத்துக் கொத்தாகக் கையோடு வருகிறதே, அது கொட்டுவது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்புதான் என்கிறார்கள் தோல் மருத்துவர்கள். அதற்கு மேல் போகும்போது பயந்துபோய்க் கடைக்கு வருகிறவர் வாங்குவதுதான் அந்த பாக்கெட். ஆனால் பாக்கெட் பேசுவது அவருடைய பிரச்சினையைப் பற்றி இல்லை.

அந்த 98 எங்கிருந்து வந்தது? இத்தகைய சோதனைகளில், வெட்டியெடுத்த முடியைக் கற்றைகளாகக் கட்டிக்கொள்வார்கள். சில கற்றைகளை ஒரு ஷாம்புவாலும் மற்றவற்றை இன்னொரு ஷாம்புவாலும் அலசுவார்கள். பிறகு ஓர் இயந்திரம் அவற்றை நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான தடவை சீவும். கீழே விழும் துண்டுகளை எண்ணுவார்கள். வழவழப்பு ஏற்றப்பட்ட கற்றையில் சீப்பு வழுக்கிக்கொண்டு போகும், துண்டுகள் குறைவாக விழும். சோதனை நடந்தது உண்மை, எண்ணியதும் உண்மை. ஆனால் அது வேரே இல்லாத முடி. வேரிலிருந்து கொட்டும் முடியைப் பற்றி அந்தக் கற்றையால் ஒரு வார்த்தைகூடச் சொல்ல முடியாது.

அழகுசாதன விளம்பரங்களில் பச்சைப் பொய்யைவிட இந்த மாதிரியான அரை உண்மைதான் மலிந்து கிடக்கிறது. பச்சைப் பொய்யைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. அரை உண்மையைப் பிடிக்க வேண்டுமானால், "ஆதாரம் இருக்கிறதா?" என்று கேட்டால் போதாது. எதற்கான ஆதாரம், எத்தனை பேரிடம் எடுத்தது, எதனோடு ஒப்பிட்டது என்று கேட்க வேண்டும். இன்று இந்தக் கேள்விகளுக்கான பதில் நிறுவனத்தின் பீரோவுக்குள் இருக்கிறது. யாராவது புகார் கொடுத்தால்தான் பீரோ திறக்கும். பொருளை வாங்குகிறவர் கையில், அவர் படிக்கும் மொழியில், வாங்குவதற்கு முன்பே அந்தப் பதில் இருக்க வேண்டும்.

சட்டத்தில் ஓட்டை என்று சொல்லிவிட முடியாது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், எது அழகுசாதனம் என்பதைத் தெளிவாக வரையறுக்கிறது: உடலைச் சுத்தம் செய்ய, அழகூட்ட, கவர்ச்சியைக் கூட்ட, தோற்றத்தை மாற்றத் தேய்ப்பது, ஊற்றுவது, தூவுவது, தெளிப்பது. 2020 டிசம்பரில் வந்த அழகுசாதன விதிகள், வாங்குகிறவரிடம் பொய்யான அல்லது திசைதிருப்பும் எண்ணத்தை ஏற்படுத்தும் எதையும் இந்தப் பொருட்கள் சொல்லக் கூடாது என்கின்றன. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. விளம்பரத்தில் நடிக்கும் பிரபலத்தையும் ஓராண்டு வரை வேறு விளம்பரங்களில் தோன்றாமல் தடுக்கலாம். மறுபடி தவறினால் அந்தத் தடை மூன்றாண்டு வரை நீளும். இதற்கெல்லாம் முன்பே, 1985இல், விளம்பரத் துறையினரே சேர்ந்து உருவாக்கிய இந்திய விளம்பரத் தரநிலைக் கவுன்சில் இருக்கிறது. ஆஸ்கி என்று அழைக்கப்படும் அந்த அமைப்பின் நெறிமுறையும், சரிபார்க்கக்கூடிய எந்தக் கூற்றுக்கும் ஆதாரம் கையில் இருக்க வேண்டும் என்றே சொல்கிறது.

ஆக, விதி இருக்கிறது. விதிக்கும் கடை வாசலுக்கும் இடையில்தான் தூரம் அதிகம்.

இந்தத் துறையின் அடிப்படைச் சிக்கல் ஒன்றைப் புரிந்துகொண்டால் விளம்பரங்களின் மொழி ஏன் இப்படி வழுக்குகிறது என்பது விளங்கும். அழகுசாதனம் தோற்றத்தை மாற்றலாம்; உடலின் இயக்கத்தை மாற்றுவதாகச் சொன்னால் அது மருந்தாகிவிடும். மருந்து என்றால் பரிசோதனை, உரிமம், கட்டுப்பாடு எல்லாம் வந்துவிடும். அதனால்தான் "சுருக்கம் நீங்கும்" என்று எழுத வேண்டிய இடத்தில் "சுருக்கம் தெரிவது குறையும்" என்று எழுதுகிறார்கள். படிக்கிறவர் மனதில் முதலாவதுதான் பதியும். அமெரிக்காவில் லோரியால் நிறுவனம் இந்தக் கோட்டைத் தாண்டி மாட்டிக்கொண்டது. அதன் லான்கோம் ஜெனிஃபிக் கிரீம், மரபணுக்களின் செயல்பாட்டைத் தூண்டி ஏழே நாளில் தோலை இளமையாகக் காட்டும் என்றும், அது மருத்துவச் சோதனையில் நிரூபிக்கப்பட்டது என்றும் விளம்பரம் சொன்னது. 2012இல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் லான்கோமுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2014இல் மத்திய வர்த்தக ஆணையம், சொன்னதற்கு ஆதாரம் இல்லை என்று குற்றம்சாட்ட, தகுந்த அறிவியல் ஆதாரம் இல்லாமல் இனி இப்படிச் சொல்வதில்லை என்று நிறுவனம் உடன்பட்டது.

"மருத்துவச் சோதனையில் நிரூபிக்கப்பட்டது" என்ற தொடர் நம் ஊரில் பற்பசைக் குழாய் வரை வந்துவிட்டது. பற்பசையும் நம் சட்டப்படி அழகுசாதனம்தான் என்பது பலருக்குத் தெரியாது. 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சென்சோடைன் விளம்பரங்களை ஆராய்ந்தது. உலகம் முழுவதும் பல் மருத்துவர்கள் பரிந்துரைப்பது, பல் கூச்சத்துக்கு உலகின் முதலிடப் பற்பசை என்பவை அதன் கூற்றுகளில் சில. நிறுவனம் ஆதாரமாகக் கொடுத்தவை இந்தியாவில் பல் மருத்துவர்களிடம் நடத்திய கருத்துக் கணிப்புகள். இந்தியாவில் கேட்டுவிட்டு உலகத்தைப் பற்றி எப்படிப் பேச முடியும்? விளம்பரங்களை நிறுத்தவும் 10 லட்சம் ரூபாய் அபராதம் கட்டவும் உத்தரவானது. ஆதாரமே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆதாரம் ஓர் அளவு, கூற்று இன்னோர் அளவு. அந்த இடைவெளிதான் குற்றம்.

இதேபோன்ற இடைவெளிக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன பழைய வழக்கு ஒன்று உண்டு. 1959இல் கோல்கேட்-பாமோலிவ் நிறுவனத்தின் ரேபிட் ஷேவ் நுரைக்குத் தொலைக்காட்சி விளம்பரம் வந்தது. உப்புத்தாளின் மேல் நுரையைப் பூசி, ஒரே இழுப்பில் பிளேடால் வழித்தெடுத்துக் காட்டினார்கள். உப்புத்தாளையே மழிக்கும் என்றால் முகத்தாடி எம்மாத்திரம் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் அங்கே இருந்தது பிளாஸ்டிக் கண்ணாடி. அதன் மேல் மணலைத் தூவியிருந்தார்கள். நிஜ உப்புத்தாளை மழிக்க வேண்டுமானால் சுமார் 80 நிமிடம் நுரையில் ஊற வேண்டும். திரையில் நிஜத் தாள் தெளிவாகத் தெரியாது, அதனால்தான் மாற்றினோம் என்றது நிறுவனம். 1965இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கண்ணெதிரே ஒரு நிரூபணம் நடப்பதாகப் பார்க்கிறவரை நம்பவைத்துவிட்டு வேறொன்றைக் காட்டுவது ஏமாற்று என்றது. கண்ணால் கண்டதும் பொய்யாகலாம் என்று நம் பாட்டிமார் சொன்னதை ஒரு நீதிமன்றம் சட்டமாக்கிய தருணம் அது. 2007இல் பிரிட்டனில் நடிகை பெனலோப் குரூஸ் தோன்றிய லோரியால் மஸ்காரா விளம்பரத்தில் ஒட்டு இமைமுடி பயன்படுத்தியது தெரியவந்தபோதும், 2011இல் ஜூலியா ராபர்ட்ஸ் தோன்றிய லான்கோம் விளம்பரப் படம் திருத்தி மெருகேற்றப்பட்டதென்று தடை செய்யப்பட்டபோதும் எழுந்த கேள்வி அதேதான். முகத்தைக் காட்டுவதும் ஒரு கூற்று. அதற்கும் ஆதாரம் வேண்டும்.

நம் நாட்டில் இந்தக் கூற்றுகளின் சுமையை நிறத்தின் பெயரால் சுமந்தவர்கள் அதிகம். ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் சந்தைக்கு வந்தது. தமிழ் விளம்பர உலகம் அதற்காகவே "சிவப்பழகு" என்று ஒரு சொல்லைப் புழக்கத்தில் விட்டது. 1998இல் சென்னையின் கவின்கேர் குங்குமப்பூவும் பாலும் சேர்த்ததாக ஃபேர் எவர் கிரீமைக் கொண்டுவந்தது. 2005இல் எமாமி, ஆண்களுக்கென்று ஃபேர் அண்ட் ஹேண்ட்ஸம் கொண்டுவந்தது. கறுப்பாக இருக்கிற பெண்ணுக்கு வேலை கிடைக்காது, மாப்பிள்ளை அமையாது என்கிற கதையைத் தொலைக்காட்சி நம் கூடத்தில் உட்கார்ந்து பல்லாண்டுகள் சொன்னது. 2014இல்தான் ஆஸ்கி, கறுத்த நிறத்தவரைத் தோற்றவர்களாகவும் துயரத்தில் இருப்பவர்களாகவும் காட்டக் கூடாது என்று தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. கோத்தகிரியிலிருந்து வந்த நடிகை சாய் பல்லவி, 2 கோடி ரூபாய் என்று பேசப்பட்ட ஒரு சிவப்பழகு கிரீம் விளம்பரத்தை மறுத்தார். எந்த ஆணையத்தின் உத்தரவும் இல்லாமல் ஒரு மனிதர் எடுத்த முடிவு என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

டெல்லியில் ஒருவர் 2013இல் 79 ரூபாய் கொடுத்து ஃபேர் அண்ட் ஹேண்ட்ஸம் வாங்கினார். உறையில் சொன்னபடி பூசியும் நிறம் மாறவில்லை என்று நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். நிறுவனத்தின் தரப்பு என்ன தெரியுமா? அவர் சொன்னபடி பயன்படுத்தினார் என்பதற்கு நிரூபணம் இல்லை. மேலும், பலன் கிடைக்கச் சத்தான உணவு, உடற்பயிற்சி, நல்ல பழக்கவழக்கம் எல்லாம் வேண்டும். இந்த நிபந்தனைகளில் ஒன்றும் உறையில் இல்லையே என்று ஆணையம் கேட்டது. வழக்கு மேலே போய், திரும்பி வந்து, மறுபடி விசாரிக்கப்பட்டு, 2024 டிசம்பரில் மத்திய டெல்லி மாவட்ட நுகர்வோர் ஆணையம் 14.5 லட்சம் ரூபாய் செலுத்த உத்தரவிட்டது. 79 ரூபாய்ப் பொருளுக்குத் தீர்ப்பு வரப் பதினோரு ஆண்டு. நிரூபிக்கும் சுமை யார் தோளில் விழுந்தது என்பதை அந்த ஆண்டுக் கணக்கே சொல்லிவிடுகிறது. சொன்னவர் நிரூபிக்காமல், கேட்டவர் நிரூபிக்க அலைந்திருக்கிறார்.

கேரளத்தில் இன்னும் இரண்டு வழக்குகள். 2015இல் வயநாட்டுச் சிற்பி ஒருவர், அழகு தேடி வரும் என்று மம்மூட்டி சொன்னதை நம்பி இந்துலேகா சோப்பு போட்டதாகவும், எந்த மாற்றமும் வரவில்லை என்றும் வழக்குப் போட்டார். நிறுவனம் 30,000 ரூபாய் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. ஊடகங்களில் பலர் அதைச் சிரிப்புச் செய்தியாகப் போட்டார்கள். அந்த மனிதர் கேட்டது மிகச் சரியான கேள்வி. திருச்சூரில் இன்னொருவர் 2012இல் வாங்கிய தாத்ரி கூந்தல் எண்ணெய் முடியை வளர்க்கவில்லை என்று வழக்கிட்டார். விளம்பரத்தில் நடித்த அனூப் மேனன், தான் அந்த எண்ணெயைப் பயன்படுத்தியதில்லை, அம்மா காய்ச்சித் தரும் எண்ணெயைத்தான் தேய்ப்பேன் என்று விசாரணையில் சொன்னார். நிறுவனத்துக்கும் நடிகருக்கும் ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தது மன்றம். தொகை சிறிது. தான் தொடாத பொருளை ஊருக்குப் பரிந்துரைத்தவர் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு மாவட்ட மன்றம் நிலைநாட்டியது பெரிது.

ஒரு கிரீமில் பலன் இல்லாவிட்டால் காசோடு போகும். சிலவற்றில் அதோடு போவதில்லை. மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தங்களிடம் வந்த 22 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். சிறுநீரின் வழியே புரதம் கசியும் ஒருவகைச் சிறுநீரக நோய் அது. அவர்களில் 15 பேருக்கு, வழக்கத்தில் அரிதான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுப்பாக்கும் கிரீம் பூசியவர்கள். கிரீமில் இருந்தது பாதரசம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கிறது. அதனால்தான் பூசிய சில நாட்களிலேயே முகம் வெளுக்கிறது. தோல் வழியாக உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. இந்திய விதிப்படி சாதாரண அழகுசாதனத்தில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை "ஆபரேஷன் சௌந்தர்யா" என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்தியது. பக்கத்து மாநிலத்துக்கு வந்தது நமக்கு வராது என்று இருக்க முடியாது. ஒரே வாரத்தில் வெளுப்பு என்று யாராவது சொன்னால், அது பொய்யாக இருப்பதைவிட உண்மையாக இருப்பதுதான் பயங்கரம்.

2020இல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரிலிருந்து நிறத்தை எடுத்துவிட்டு க்ளோ அண்ட் லவ்லி ஆனது. அந்த மாற்றம் வரவேற்கத்தக்கது, தாமதமானது என்றாலும். ஆனால் அதோடு இன்னொன்றும் நடந்திருக்கிறது. நிறம் இத்தனை அளவு கூடும் என்றால் அளந்து பார்த்துப் பொய் என்று சொல்லிவிடலாம். பொலிவு, ஒளிர்வு, உள்ளிருந்து வரும் பளபளப்பு என்றால் எதை வைத்து அளப்பது? ஆதாரம் கேட்கக் கேட்க, விளம்பரச் சொற்கள் பிடிகொடுக்காத பக்கம் நகர்ந்துகொண்டே போகின்றன. "தோல் மருத்துவர்களால் பரிசோதிக்கப்பட்டது" என்று உறையில் இருக்கும். பரிசோதித்து என்ன கண்டார்கள் என்று இருக்காது. பெரும்பாலும் அது சிறு துணுக்காக முதுகில் ஒட்டிவைத்து அரிக்கிறதா, சிவக்கிறதா என்று பார்க்கும் ஒவ்வாமைச் சோதனைதான். அரிக்கவில்லை என்பது நல்ல செய்தி. முகம் மாறும் என்பதற்கு அது சான்று ஆகாது. "90% பெண்கள் உணர்ந்தார்கள்" என்பதும் அப்படியே. சில வாரம் இலவசமாகக் கொடுத்துப் பூசச் சொல்லிவிட்டு, எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்ட பதில் அது.

சோதனை ஒழுங்காக வரையறுக்கப்பட்ட இடத்தில்கூடச் சிக்கல் உண்டு. சன்ஸ்கிரீனின் எஸ்பிஎஃப் எண்ணை எடுத்துக்கொள்ளலாம். சர்வதேசத் தர முறைப்படி, குறைந்தது பத்துப் பேரின் முதுகில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் கிரீமைப் பூசி, புற ஊதா ஒளி பாய்ச்சி, மறுநாள் எந்த அளவு ஒளியில் தோல் சிவந்தது என்று பார்க்கிறார்கள். பூசாத தோலோடு ஒப்பிட்டுக் கிடைக்கும் விகிதம்தான் உறையில் இருக்கும் 30, 50 எல்லாம். நம்மில் பலர் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க இழுத்துத் தேய்ப்பதால் அந்தப் பாதுகாப்பு கிடைப்பதே இல்லை என்பது தனிக் கதை. 2025 ஜூனில் ஆஸ்திரேலியாவின் சாய்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 20 சன்ஸ்கிரீன்களைச் சோதித்தது. 16 பொருட்கள் உறையில் சொன்ன எண்ணை எட்டவில்லை. 50+ என்று விற்ற ஒன்றின் எண் வெறும் 4. அதை விற்ற அல்ட்ரா வயலெட் நிறுவனம் முதலில் மறுத்தது. பிறகு பல ஆய்வகங்களில் சோதித்தபோது 4 முதல் 64 வரை முடிவுகள் வந்தன. ஆகஸ்டில் பொருளைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு ஏப்ரலில் இங்கே ஹிந்துஸ்தான் யூனிலிவரும் ஹொனாசாவும் சன்ஸ்கிரீன் எண்ணைப் பற்றி நீதிமன்றம் ஏறின. போட்டி நிறுவனத்தைச் சீண்டியதாகப் பேசப்பட்ட லக்மே விளம்பரத்தை மாற்ற, டெல்லி உயர் நீதிமன்றத்தில் யூனிலிவர் ஒப்புக்கொண்டது. இரு பெரிய நிறுவனங்கள் ஆய்வக அறிக்கையை வைத்துச் சண்டை போடுகின்றன. வெயிலில் நடக்கிறவர் கண்ணில் அந்த அறிக்கை படுவதே இல்லை.

ஆஸ்திரேலியாவில் சன்ஸ்கிரீன் எண்களின் குறையை வெளியே கொண்டுவந்தது அரசு அல்ல, நுகர்வோர் சந்தாவில் நடக்கும் ஓர் அமைப்பு. தமிழ்நாட்டு நுகர்வோர் அமைப்புகளுக்கும் கல்லூரிகளின் வேதியியல் துறைகளுக்கும் இதில் செய்ய நிறைய இருக்கிறது.

இவ்வளவு ஆதாரம் கேட்டால் சின்ன ஆட்கள் என்ன செய்வார்கள் என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. கடலூர் சின்னிக்கிருஷ்ணனின் பாக்கெட் ஷாம்பு யோசனையும், அவருடைய மகன் ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தொடங்கிய தொழிலும்தான் பெரிய நிறுவனங்களை அசைத்தன. இன்று நலங்குமாவு அரைத்து விற்கும் மகளிர் குழுக்களும், வீட்டிலேயே சோப்பு ஊற்றி இன்ஸ்டாகிராமில் விற்கும் பெண்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களை ஆய்வகக் கட்டணத்தால் நசுக்க யாரும் விரும்ப மாட்டார்கள். வழி எளிது: சொல்வது எவ்வளவோ அவ்வளவுக்கு ஆதாரம். அழுக்குப் போகும், மணமாக இருக்கும், தோல் மிருதுவாக இருக்கும் என்று சொல்ல எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை. போட்டுப் பார்த்தால் தெரியும். 30 நாளில் வழுக்கையில் முடி முளைக்கும், கரும்புள்ளி மறையும், சொரியாசிஸ் போகும் என்றால் அது வேறு. பாட்டி காலத்து முறை என்பது மரியாதைக்குரிய செய்தி. அது முடி முளைக்கும் என்பதற்குச் சான்று ஆகிவிடாது. பாட்டியும் அப்படிச் சொல்லி விற்கவில்லை.

இனி என்ன செய்யலாம்? புதுச் சட்டம் கேட்பதற்கு முன், இருக்கிற ஒரு விதியை நடைமுறைப்படுத்தினாலே பாதி தூரம் கடந்துவிடலாம். 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, விளம்பரத்தில் கூற்று எந்த மொழியில் இருக்கிறதோ, அதே மொழியில்தான் அதற்கான நிபந்தனைக் குறிப்பும் இருக்க வேண்டும். எழுத்துருவும் கூற்றில் இருப்பதாகவே இருக்க வேண்டும். இன்றிரவு ஏதாவது தமிழ்த் தொலைக்காட்சியில் சோப்பு, ஷாம்பு விளம்பரம் வரும்போது திரையின் அடிப்பகுதியை மட்டும் பாருங்கள். தமிழில் பேசிக்கொண்டிருக்கும்போது அடியில் ஆங்கிலத்தில் ஒரு பொடி வரி வந்து, படிப்பதற்குள் மறைவதைப் பல விளம்பரங்களில் காணலாம். தமிழில் ஆசை காட்டி ஆங்கிலத்தில் கைகழுவுகிற வேலை இது. இதற்கு ஒரே ஒரு முறை கடுமையாக அபராதம் விதித்தால் மற்றவர்கள் தாமே திருந்துவார்கள்.

அடுத்தது பீரோவைத் திறப்பது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒவ்வோர் அழகுசாதனத்துக்கும் ஒரு கோப்பு இருக்க வேண்டும். சொல்லும் பலனுக்கான சான்றும் அதில் சேர வேண்டும். கடைசித் தொகுதி சந்தைக்கு வந்து பத்தாண்டு வரை அந்தக் கோப்பைப் பாதுகாக்க வேண்டும். 2013இல் வந்த அதன் விதி, கூற்று உண்மையாக இருந்தால் போதாது, வாங்குகிறவர் விவரம் தெரிந்து முடிவெடுக்க உதவ வேண்டும் என்றும் சொல்கிறது. நம் நாடு அதைவிட ஒரு படி முன்னே போகலாம். பாக்கெட்டில் இடமில்லை என்கிற சாக்கு இனி செல்லாது. டீக்கடையில் பணம் கட்டக் கியூஆர் கோடு இருக்கிறது. பாக்கெட்டிலும் ஒன்று போடலாம். தட்டினால் தமிழில் நான்கைந்து வரி வரட்டும்: எத்தனை பேரிடம் சோதித்தது, எத்தனை வாரம், எதனோடு ஒப்பிட்டது, எந்த ஆய்வகம், பணம் கொடுத்தது யார். தயாரிப்பு ரகசியம் எதுவும் இதில் வெளிவராது. சோதனையில் நம்பிக்கை உள்ள நிறுவனம் இதைப் பெருமையாகவே போடும்.

மூன்றாவது ஒன்று, நம் நுகர்வோர் ஆணையங்கள் கையில் இருந்தும் அரிதாகவே எடுக்கும் ஆயுதம். லிஸ்டரின் வாய்கொப்பளிப்புத் திரவம் சளியையும் தொண்டைப் புண்ணையும் தடுக்கும் என்று அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் விளம்பரம் செய்தார்கள். 1975இல் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம், அது தவறு என்று கண்டு விளம்பரத்தை நிறுத்தச் சொன்னதோடு விடவில்லை. அடுத்த ஒரு கோடி டாலர் விளம்பரச் செலவு முடியும் வரை, லிஸ்டரின் சளியையோ தொண்டைப் புண்ணையோ தடுக்காது, கடுமையைக் குறைக்கவும் செய்யாது என்று அந்த விளம்பரங்களிலேயே சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது. 1977இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பணக்கார நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய் ஒரு நாள் விளம்பரச் செலவுக்குக்கூடக் காணாது. தன் வாயாலேயே, அதே திரையில், அதே நடிகரை வைத்து, முன்பு சொன்னது தவறு என்று சொல்லவைப்பது உறைக்கும். நம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் திருத்த விளம்பரம் வெளியிடச் சொல்லும் அதிகாரம் நுகர்வோர் ஆணையங்களுக்கு இருக்கிறது. அதை அவர்கள் துணிந்து பயன்படுத்த வேண்டும்.

வாசகர்கள் செய்யக்கூடியதும் உண்டு. உறையைத் தூக்கி எறியாதீர்கள். பில்லோடு சேர்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமான விளம்பரம் என்றால் திரையைப் படம் பிடியுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலேயே பேசிப் புகார் சொல்லலாம். பொருளை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருள் என்றால் கட்டணமும் இல்லை.